குடியாத்தம் அனுப்பியது, விருதுநகர் திருப்பியது

பெருந்தலைவர் காமராசரைப் பற்றி எழுதும்போது மதிய உணவும், பள்ளிக்கூடங்களும், அணைகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை யாவும் உண்மையே. ஆனால் அவரை ஓர் அரசியல்வாதியாக, அதாவது வாக்குக் கேட்டு, வென்று, தோற்று, பதவிக்கு வந்து, பதவியை விட்டு வாழ்ந்த ஒரு மனிதராக நாம் பார்ப்பது குறைவு. சிலையாக நின்றுவிட்ட ஒருவரைத் தேர்தல் கணக்கோடு பார்ப்பது மரியாதைக் குறைவு என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எண்களை வைத்து ஆராய்வது அறிவியல் மாணவனுக்குப் பழகிப்போன காரியம்.

ஆகவே இக்கட்டுரையில் மூன்று ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். 1954இல் குடியாத்தம், 1967இல் விருதுநகர், 1969இல் நாகர்கோயில். முதல் ஊரில் அவருக்கு உறவும் இல்லை, சாதிப் பலமும் இல்லை, ஆனாலும் வென்றார். இரண்டாவது ஊர் அவர் பிறந்த ஊர், அங்கே தோற்றார். மூன்றாவது ஊரில் அவர்மீது மனக்குறை கொண்டோர் பலர் இருந்தனர். அங்கே மீண்டும் வென்றார். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன என்பதே நாம் காணவேண்டிய செய்தி.

குடியாத்தத்தை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாளில் குடியாத்தமும், ஆரணியும், எங்கள் படவேடும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1989இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம் வந்துவிட்டோம்; குடியாத்தம் வேலூரோடு நின்றது. தமிழகத்தின் புகழ்பெற்ற முதலமைச்சரை, அவர் அப்பதவியை ஏற்றபின், சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்தது நம் மாவட்டத்து நெசவாளர் ஊர் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

வட்டாரத் தலைவர் என்பவர் யார்?

வட்டார அரசியல்வாதி என்ற சொல்லைக் கேட்டதும் சிறிய அரசியல்வாதி என்று எண்ணிவிடுகிறோம். அது சரியன்று. ஸ்பெயின் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 17 தன்னாட்சி வட்டாரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான காட்டலோனியாவுக்குத் தனி மொழி உண்டு, தனிச் சட்டமன்றமும் உண்டு. அதன் ஆட்சித் தலைவராக ஜோர்டி புஜோல் என்பவர் 1980 முதல் 2003 வரை 23 ஆண்டுகள் இருந்தார். மாட்ரிட் நகருக்கு அமைச்சராகப் போகவில்லை. பார்சலோனாவில் இருந்துகொண்டே, 1993இல் ஒரு பிரதமருக்கும், 1996இல் அவருக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த இன்னொரு பிரதமருக்கும் ஆதரவு தந்து, தம் வட்டாரத்துக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினார். வெளிநாட்டில் கணக்குக் காட்டாத குடும்பப் பணம் இருந்ததாக 2014இல் அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அவரைக் காமராசரோடு ஒரே வரிசையில் வைத்ததற்காக என் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

எனினும் ஒப்பிடத்தக்கது ஒன்று உண்டு. புஜோல் தம் மண்ணைவிட்டு நகரவில்லை. காமராசரோ ஒன்பதரை ஆண்டுகள் முதலமைச்சராக இருந்துவிட்டு, அசைக்க ஆளில்லாத நேரத்தில் தாமாகவே இறங்கித் தில்லிக்குப் போனார். இந்தியாவுக்கு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதே காலத்தில் தமது மாநிலத்தை இழந்தார். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

துணிக்கடையிலிருந்து தலைமைக்கு

காமராசர் 1903 ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டி என்ற விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி நாடார் இளமையிலேயே மறைந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பிறகு காங்கிரசு, மறியல், வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகம், சிறை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. இவை பாடநூலிலேயே உள்ளவை.

அதிகம் பேசப்படாதது 1940ஆம் ஆண்டுத் தேர்தல். தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவர் பதவிக்கு அவர் சி. பி. சுப்பையாவை எதிர்த்து நின்று, மூன்றே வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அவருடைய ஆசானாகிய தீரர் சத்தியமூர்த்தி, 1936இல் தாம் தலைவராக இருந்தபோது காமராசரைச் செயலாளராக வைத்திருந்தார். 1940இல் சீடர் தலைவர், ஆசான் செயலாளர். இப்படி ஓர் ஏற்பாடு இன்றைய கட்சிகளில் நடக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று முதல் 1952 வரை அவரே கட்சியின் தலைவர். இதற்கிடையில் பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூவர் முதலமைச்சர்களாக வந்தனர். காமராசர் பதவிக்கு வரவில்லை. மாவட்டந்தோறும் சுற்றினார். எந்த ஊரில் எந்தத் தொண்டர், யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்த ஏரிக்கு மதகு இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்பார்கள். ஒரு வட்டாரத் தலைவரின் முதல் இதுதான். எழுதி வைத்த கோப்பிலிருந்து இதைக் கற்க முடியாது. நடந்து நடந்துதான் சேர்க்க வேண்டும். நடப்பதை நிறுத்தினால் அது குறையத் தொடங்கும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

1952ஆம் ஆண்டுக் கணக்கு

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு மொத்த இடங்கள் 375. ஆட்சி அமைக்க 188 வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. குறைவு 36. கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 62 இடங்கள். காங்கிரசுக்கு எதிரான கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்றுசேர்ந்து ஆட்சி கோரின. அந்த நெருக்கடியில் ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, அவரை முதலமைச்சராக்கினார். மக்களிடம் வாக்குக் கேட்காமல் வந்த முதலமைச்சர் என்ற பேச்சு அன்றே எழுந்தது.

இங்கேதான் நம் ஆர்க்காடு மாவட்டங்கள் அரங்கத்துக்கு வருகின்றன. 1951இல் வன்னியகுல மக்களின் அரசியல் பங்குக்காக இரண்டு கட்சிகள் தோன்றின. தென் ஆர்க்காடு, சேலம் பகுதிகளில் திரு. எஸ். எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வட ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் திரு. எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. முன்னதற்கு 19 இடங்கள், பின்னதற்கு 6 இடங்கள். அந்தத் தேர்தலில் தி.மு.க. தானே போட்டியிடவில்லை, இவ்விரு கட்சிகளுக்கும் ஆதரவு தந்தது.

தேர்தல் முடிந்ததும் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையில் நிலவரித் துறை அமைச்சரானார். காங்கிரசுக்கு எதிராக வாங்கிய வாக்குகளைக் கொண்டு காங்கிரசு அமைச்சரவைக்குப் போனது சரியா என்று கேட்டால், அன்று வாக்களித்தவர்களில் பலர் சரியன்று என்றே சொல்லியிருப்பர். ஆனால் மறுபுறமும் பார்க்க வேண்டும். மாகாணத்தின் நிலவரித் துறை, வடக்கு மாவட்டத்து உழவர் குடியில் பிறந்த ஒருவர் கைக்கு வந்தது. ஆறு பேரை வைத்திருந்த ஒரு கட்சி அதைச் சாதித்தது. சம்புவராயர் காலத்தில் தலைநகராக விளங்கிய ஊரிலிருந்து எழுதுகிறேன். பெரிய அரசுகளுக்கு இடையில் சிறிய அரசு பிழைக்கும் வழி எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. மாணிக்கவேலு நாயக்கர் பின்னர் காமராசர் அமைச்சரவையிலும் தொடர்ந்தார். 1964 முதல் 1970 வரை சட்ட மேலவையின் தலைவராகவும் இருந்தார்.

தறியும் பள்ளியும்

1953இல் ராஜாஜி ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார். கிராமப்புறப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளிக்கு வரலாம். மறுவேளை பெற்றோரிடம் தொழில் கற்கலாம். இருக்கின்ற பள்ளிகளிலேயே இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்க இது வழி என்பது அவர் வாதம். பணமில்லாத அரசாங்கத்தின் வாதம் அது. முற்றிலும் பொருளற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நெசவாளர் தெருவில் அதன் பொருள் வேறு. பாதி நாள் பள்ளி, பாதி நாள் தறி. இன்னும் இரண்டு ஆண்டு கழித்து முழு நாளும் தறி. தறியில் பெரியவருக்குத் துணையாக உட்காரச் சிறு பிள்ளை வேண்டும் என்பதை எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திட்டம் குலக்கல்வி என்று பெயர் பெற்றது. பெரியாரும், தி.மு.க.வினரும் கிளர்ச்சி செய்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது.

இதற்கிடையில் 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திரம் பிரிந்தது. தெலுங்கு மாவட்டத்து உறுப்பினர்கள் வெளியேறியதும் சட்டமன்றம் சுமார் 230 பேர் கொண்டதாகச் சுருங்கிற்று. தமிழ் மாவட்டத்துக் கட்சியினரைக் கைக்குள் வைத்திருந்தவர் காமராசர். எனவே மாகாணம் சுருங்கச் சுருங்க அவர் பலம் கூடியது. 1954இல் ராஜாஜி விலகினார். காங்கிரசுச் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசருக்கு 93 வாக்குகள், எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41.

1954 ஏப்ரல் 13ஆம் நாள் பதவியேற்ற அமைச்சரவையில் முதலமைச்சரையும் சேர்த்து எட்டே பேர். தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவருக்காக நின்ற பக்தவத்சலத்தையும் அவர் உள்ளே வைத்துக்கொண்டார். நிதியையும் கல்வியையும் சுப்பிரமணியத்திடமே கொடுத்தார். வடக்கிலிருந்து மாணிக்கவேலு நாயக்கர் இருந்தார். தெற்கு ஆர்க்காட்டுப் படையாட்சியாரைப் புதிதாகச் சேர்த்தார். எட்டு இடத்தில் இரண்டு இடம் ஆர்க்காடு மாவட்டங்களுக்கு. காமராசரின் அரசியல் திறனைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் இந்த எட்டுப் பேர் பட்டியலை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த மாதம், மே 18ஆம் நாள், குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

குடியாத்தம்

முதலமைச்சரானபோது காமராசர் சட்டமன்ற உறுப்பினரே அல்லர். 1952இல் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போயிருந்தார். அரசியல் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும். ராஜாஜியைப் போல மேலவை வழியாக வந்திருக்கலாம். அது எளிது, சட்டத்துக்கும் பொருந்தும். அவர் அவ்வழியை நாடவில்லை. காலியாக இருந்த குடியாத்தம் தொகுதியில் மக்களிடம் வாக்குக் கேட்கப் புறப்பட்டார்.

துணிந்த செயல்தான். குடியாத்தம் கௌண்டின்ய ஆற்றங்கரை ஊர். கைத்தறிக் கைலிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றது. தொழிலாளர் நிறைந்த ஊர் என்பதால் எதிர்த்து நின்ற கம்யூனிஸ்டு வேட்பாளர் வி. கே. கோதண்டராமனை இலேசாகக் கருத முடியாது. கைத்தறியோ அந்த ஆண்டுகளில் பெரும் நெருக்கடியில் இருந்தது. மில் துணியோடு போட்டி போட முடியாமல் துணிகள் தேங்கின. தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதும், மில் துணிமீது வரி விதித்துக் கைத்தறிக்கு உதவ 1953இல் மத்திய அரசு சட்டம் இயற்றியதும் அந்த நெருக்கடியின் விளைவுகளே. ஆளுங்கட்சி வேட்பாளர் நெசவாளர் ஊரில் வாக்குக் கேட்க ஏற்ற காலம் அன்று அது. மேலும் காமராசரின் சமூகத்தார் தென் மாவட்டங்களில் மிகுதி. வட ஆர்க்காட்டில் சிலரே.

ஆனாலும் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எப்படி? குலக்கல்வியை நீக்கியவர் என்பதால் பெரியார் அவருக்கு வாக்களிக்கச் சொன்னார். அண்ணாவின் தி.மு.க. வேட்பாளரை நிறுத்தாமல் ஆதரவு தந்தது. முஸ்லிம் லீக்கும் துணை நின்றது. மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் இருந்ததால் உழவர் வாக்கும் எதிரே போகவில்லை. இவை தலைவர்கள் கூட்டிய கூட்டல். வாக்காளர் தாமே கூட்டியது ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு முழு நாள் பள்ளிக்கூடம் திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திருப்பிக் கொடுத்தவரே வாசலில் வந்து நின்றார். அவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்க அன்று அவசியம் ஏற்படவில்லை.

ஒன்பதரை ஆண்டுகள்

அதன் பிறகு நடந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊர்மக்களிடமே பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் வாங்கினார். சீருடை வந்தது. நெய்வேலி வந்தது. தென்பெண்ணைக்குக் குறுக்கே சாத்தனூர் அணை 1958இல் முடிந்தது. அதன் நீர் எங்கள் படவேட்டு வயல்களுக்கு வராது. எங்களுக்குக் கமண்டல நாகநதிதான். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் ஏற்பட்டன.

ஒன்றைமட்டும் சொல்லத் தோன்றுகிறது. என் தாத்தா அந்த மதிய உணவைச் சாப்பிட்டவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பிறகு தறியில் உட்கார்ந்தார். சமீபகாலம் வரை இறங்கவில்லை. என் தந்தை பத்தாம் வகுப்புத் தேறாமல் அதே தறிக்கு வந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பள்ளியைத் திறப்பது அரசாங்கத்தால் முடிந்தது; தறியில் துணைக்கு ஆள் வேண்டாம் என்ற நிலையை வீட்டுக்குள் உண்டாக்க அதனால் முடியவில்லை. அதற்கு இன்னும் இரண்டு தலைமுறை ஆயிற்று. காமராசர் திட்டத்தால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதாக மேடையில் பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தாத்தாவுக்கு இதைப் பற்றிக் குறையேதும் இல்லை. அந்த ஐந்து வகுப்பு இல்லாவிட்டால் சேட்டு எழுதிய கூலிக் கணக்கைத் தாமே படித்துப் பார்த்திருக்க முடியாது என்பார்.

இரண்டு தலைவர்கள், இரண்டு சொந்த ஊர்கள்

1957 பொதுத் தேர்தலில் காங்கிரசு 205 இடங்களில் 151ஐப் பெற்றது. காமராசர் இம்முறை சாத்தூரில் நின்றார். தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டுப் பதினைந்து பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அந்தப் பதினைவரையும் 1962இல் தோற்கடிப்பது என்று காமராசர் திட்டமிட்டு வேலை செய்தார். பதினான்கு பேர் தோற்றனர். தஞ்சாவூருக்கு மாறி நின்ற கலைஞர் கருணாநிதி ஒருவரே தப்பினார். அண்ணா தாம் பிறந்த காஞ்சிபுரத்தில், நம்மைப் போன்ற பட்டு நெசவாளர் ஊரில், பேருந்து முதலாளியான நடேச முதலியாரிடம் தோற்றார்.

திட்டம் பலித்தது. ஆனால் அதே தேர்தலில் தி.மு.க. 50 இடங்களை வென்றது. பதினைந்து ஐம்பதாயிற்று. காங்கிரசு 139ஆகக் குறைந்தது. தலைகளை வெட்டியபோது வேர் பரவிக்கொண்டிருந்தது. காமராசர் இதைக் கவனிக்காதவர் அல்லர். கட்சி பதவியில் ஊறிப்போய் மக்களை விட்டு விலகுகிறது, மூத்தவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலைக்குத் திரும்பவேண்டும் என்று நேருவிடம் சொன்னார். அதுவே காமராசர் திட்டம். 1963 அக்டோபர் 2ஆம் நாள் அவர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஆறு முதலமைச்சர்களும், ஆறு மத்திய அமைச்சர்களும் அத்திட்டத்தின்படி பதவி துறந்தனர்.

கட்சியைச் சீர்செய்யத் தமிழகத்தின் கிராமங்களுக்குத் திரும்பியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அதே அக்டோபரில் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 மே 27இல் நேரு மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகக் கொண்டு வந்தார் காமராசர். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். மொரார்ஜி தேசாய் போட்டியிட, இந்திரா காந்தி 355க்கு 169 என்ற கணக்கில் வென்றார். அந்த வாக்குகளைத் திரட்டியவர்களில் முதல்வர் காமராசர். இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசாத ஒருவர் தில்லியில் இதைச் செய்தார். மாவட்டத் தலைவர்களை எடைபோட்ட அதே கையால் மாநிலத் தலைவர்களை எடைபோட்டார் என்றே எனக்குப் படுகிறது.

சென்னையில் நடந்ததோ வேறு. பக்தவத்சலம் ஆட்சியில் 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இந்தியை அவசரப்பட்டுத் திணிக்கலாகாது என்று காங்கிரசுக்குள் வாதாடியவர்களுள் காமராசரும் ஒருவர். ஆனால் சுட்டது அவர் கட்சி அரசாங்கம். மாணவன் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். அடுத்து அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. 1954இல் அவருக்கு வாக்குக் கேட்ட தி.மு.க., முஸ்லிம் லீக் இரண்டும் இப்போது எதிரணியில். அவர்களோடு ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும், மார்க்சிஸ்டுகளும். பெரியார் ஒருவரே இம்முறையும் காமராசருக்காகப் பேசினார். குடியாத்தத்தில் கூட்டிய கூட்டல் பதின்மூன்று ஆண்டுகளில் கழித்தலாகிவிட்டது.

1967இல் காமராசர் விருதுநகரிலேயே நின்றார். தேர்தல் நேரத்தில் விபத்தில் காயமுற்றுப் படுக்கையில் இருந்தார். எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் காமராசர் தோற்றார். காஞ்சிபுரம் அண்ணாவுக்குச் செய்ததை ஐந்தாண்டு கழித்து விருதுநகர் காமராசருக்குச் செய்தது. அதே தேர்தலில் வங்காளத்தில் அதுல்ய கோஷும், பம்பாயில் எஸ். கே. பாட்டீலும் தோற்றனர். பிரதமர்களை உண்டாக்கிய பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வட்டாரத்தில் கவிழ்ந்தார்கள்.

விருதுநகர் மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நியாயமன்று. வாக்கு என்பது கடந்தகாலச் சேவைக்குத் தரும் பரிசன்று. அரிசிக் கடையில் வரிசையில் நிற்பவர் அன்றைய அரிசியைப் பற்றித்தான் கேட்பார். 1954இல் குடியாத்தத்து மக்கள் சாதியைப் பார்க்காமல் அன்றைய காரியத்தைப் பார்த்து வாக்களித்ததைப் பாராட்டுகிறோம். 1967இல் விருதுநகர் மக்கள் அதே அளவுகோலைத்தான் எடுத்தார்கள். ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைப் பழிப்பது எப்படிப் பொருந்தும்?

இன்னோர் எண்ணையும் காண்போம். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் காங்கிரசு பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 41 விழுக்காடு. 174 இடங்களில் மட்டுமே நின்ற தி.மு.க. பெற்றது அதைவிடச் சற்றே குறைவு. மக்கள் காங்கிரசை அடியோடு வெறுத்துவிடவில்லை. எதிர்க்கட்சிகள் வாக்குகளைச் சிதறவிடாமல் சேர்த்தன. கட்சிகளைச் சேர்க்கும் இந்தக் கலையில் 1954இல் தமிழகத்திலேயே வல்லவராக இருந்தவர் காமராசர். 1967இல் அவர் அந்தக் கலையைத் தில்லியில் செய்துகொண்டிருந்தார். இங்கே அதை அண்ணா செய்தார்.

நாகர்கோயில்

தோல்விக்குப் பின் பலர் அவர் கதை முடிந்தது என்றனர். குமரி மாவட்டத்துத் தலைவர் மார்ஷல் நேசமணி 1968இல் மறைந்ததால் நாகர்கோயில் நாடாளுமன்றத் தொகுதி காலியாயிற்று. 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராசர் அங்கே நின்றார்.

அந்த ஊர் அவருக்கு எளிதன்று என்று எண்ணக் காரணம் இருந்தது. திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு சேரப் போராடி 1954இல் துப்பாக்கிக் குண்டுகளை ஏற்றபோது, அண்டை மாநிலக் காங்கிரசைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல் முதலமைச்சர் காமராசர் ஒதுங்கி நின்றார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். 1956இல் கன்னியாகுமரி சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அந்தக் குறையை இன்றுவரை பேசுவோர் உண்டு. நானும் அதில் அவர் பக்கம் பேச மாட்டேன்.

இருந்தும் தி.மு.க. ஆதரவு பெற்ற சுதந்திராக் கட்சி வேட்பாளர் டாக்டர் மத்தியாசை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். தோற்றவர் மீண்டும் தெருவில் இறங்கி நடந்தார் என்பது ஒரு காரணம். அந்த மாவட்டத்தில் காங்கிரசு வேரோடிய கட்சி, அவருடைய சமூகத்தாரும் அங்கே மிகுதி என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது ஆய்வாகாது.

அந்த ஆண்டே காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. தாம் பிரதமராக்கிய இந்திரா காந்திக்கு எதிர்ப்பக்கம் நின்றார் காமராசர். 1971 பொதுத் தேர்தலில் இந்திராவின் காங்கிரசும் தி.மு.க.வும் கைகோத்தன. சட்டமன்றத்தில் காமராசர் கட்சிக்குப் பதினைந்து இடங்களே கிடைத்தன. தமிழகத்திலிருந்து அக்கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனவர் ஒரே ஒருவர். நாகர்கோயில் அனுப்பிய காமராசர். 1975 அக்டோபர் 2ஆம் நாள், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, சென்னையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1977 தேர்தலில் நாகர்கோயிலில் வென்றவர் அவருடைய தொண்டராக வளர்ந்த குமரி அனந்தன்.